"லேக்"னு ஒரே வார்த்தையில் முடிச்சா எதைச் சரி பண்ணுவாங்க?

பிளே ஸ்டோரில் எந்த கேமுக்கு வேண்டுமானாலும் போய் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைப் படித்துப் பாருங்கள். "செம லேக்", "அப்டேட்டுக்கு அப்புறம் மொக்கை", "சீக்கிரம் சரி பண்ணுங்க". கோபம் நியாயம்தான். ஆனால் எதைச் சரி பண்ணுவது? விமர்சனத்தோடு போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, கேம் பதிப்பு போன்றவை டெவலப்பருக்குத் தெரியும். எந்த மேப், எத்தனை நிமிடம் ஆடிய பிறகு, வைஃபையா மொபைல் டேட்டாவா என்பதெல்லாம் எழுதியவர் மண்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

"லேக்" என்ற சொல்லே பாதிப் பிரச்சினை. நம் ஆட்கள் மூன்று வெவ்வேறு வியாதிக்கு இந்த ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். படமே விட்டுவிட்டு ஓடினால் அது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, குறைவது. உங்கள் கேமரா வழுவழுவென்று திரும்புகிறது, ஆனால் எதிரி மட்டும் இங்கிருந்து அங்கே தாவுகிறான் என்றால் நெட்வொர்க். பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் துப்பாக்கி சுடுகிறது, மற்றபடி படம் சீராக ஓடுகிறது என்றால் இன்புட் தாமதம். புளூடூத் கன்ட்ரோலரும் டிவியின் பட மெருகேற்றலும்கூட அதைச் செய்யும். மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் பார்ப்பார்கள். பிரித்துப் பார்ப்பதும் கஷ்டமில்லை. நெட் இல்லாமல் ஓடும் பயிற்சி மோடு இருந்தால், நெட்டை அணைத்துவிட்டு அதில் ஆடிப் பாருங்கள். அங்கேயும் திணறினால் சர்வரைத் திட்டிப் பயனில்லை. முதல் 15 நிமிடம் நன்றாக ஓடி, போன் சூடான பிறகு திணறினால் அதையும் எழுதுங்கள். சூட்டைக் குறைக்க ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த ஒரு வரி டெவலப்பருக்குப் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அளந்து சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு ஜிடிஏ ஆன்லைனை விட நல்ல உதாரணம் இல்லை. பிசியில் அது வந்தது 2015 ஏப்ரலில். லோடிங் நேரத்தைப் பற்றி உலகமே வருடக்கணக்காகப் புலம்பியது. 2021 பிப்ரவரி கடைசியில் டோஸ்ட் என்ற புனைபெயரில் ஒரு பிளேயர் அளந்து எழுதினார்: ஸ்டோரி மோடு ஏறச் சுமார் 1 நிமிடம் 10 நொடி, ஆன்லைன் ஏற 6 நிமிடம். அதில் சுமார் 4 நிமிடம் ப்ராசசரின் ஒரே ஒரு கோர் மட்டும் உழைக்கிறது. டிஸ்க்கும் நெட்டும் கிட்டத்தட்ட சும்மா இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால், கடைச் சரக்குப் பட்டியல் ஒன்று, சுமார் 10 எம்பி டெக்ஸ்ட், 63,000 பொருட்கள். ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும் மிச்சமிருக்கும் டெக்ஸ்ட் முழுவதன் நீளத்தையும் மறுபடி மறுபடி எண்ணியது கேம். போதாக்குறைக்கு ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 198 கோடி ஒப்பீடு! அவர் இரண்டையும் தன் கணினியில் திருத்தியபோது 6 நிமிடம் 1 நிமிடம் 50 நொடியாகிவிட்டது. மார்ச் நடுவில் ஜிடிஏவை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் அதிகாரப்பூர்வ அப்டேட் விட்டது, அவருக்கு 10,000 டாலரும் கொடுத்தது.

எல்லோரும் அந்த அளவுக்குத் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் முதல் பாதியைக் கவனியுங்கள். ஸ்டோரி மோடுக்கு இவ்வளவு, ஆன்லைனுக்கு இவ்வளவு என்று போன் ஸ்டாப்வாட்ச் வைத்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்தாலே "உங்க ஹார்ட் டிஸ்க் ஸ்லோ" என்ற வழக்கமான பதில் பாதி அடிபட்டுப் போகிறது.

சாதாரண பக் (கேமிலுள்ள கோளாறு) ரிப்போர்ட்டின் உயிர் ஒன்றே ஒன்றுதான்: முன்பின் தெரியாத ஒருவர், தன் கணினியில், அதே கோளாறை வரவழைக்க முடிய வேண்டும். "சேவ் வேலை செய்யல" என்ற தலைப்பு வீண். "படகில் உட்கார்ந்தபடி சேவ் செய்து திரும்பத் திறந்தால் ஆள் தண்ணீருக்கு அடியில் நிற்கிறான்" என்பது தலைப்பு. அடுத்து படிகள்: புது கேம் தொடங்கு, படகில் ஏறு, நகரும்போதே சேவ் செய், மெயின் மெனுவுக்குப் போய் லோடு செய். பிறகு என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. கடைசியாக எத்தனைக்கு எத்தனை. "சில சமயம் வருது" என்பதற்கும் "10 முறையில் 3 முறை" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பத்துக்குப் பத்து வந்தால் நேரடித் தவறு. பத்துக்கு மூன்று என்றால், இரண்டு வேலைகளில் எது முந்தி முடிகிறது என்ற நேரச் சிக்கலாக இருக்கலாம் என்று டெவலப்பர் அங்கிருந்தே தேடத் தொடங்குவார். திருத்தம் போட்ட பிறகு மூன்று முறை ஆடிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று ஏமாறவும் மாட்டார்.

பதிப்பு எண் எழுதும்போது "லேட்டஸ்ட்" என்று எழுதாதீர்கள். அடுத்த வியாழக்கிழமை அது லேட்டஸ்ட் இல்லை.

கிராஷ் ஆனால் பலரும் செய்யும் தவறு, உடனே கேமை இரண்டு மூன்று முறை திரும்பத் திறப்பது. யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம்கள் விண்டோஸில், உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல்லோ, அதற்குள் நிறுவனத்தின் பெயரிலுள்ள ஃபோல்டர், அதற்குள் கேமின் பெயரிலுள்ள ஃபோல்டரில் பிளேயர்.லாக் என்ற கோப்பை எழுதும்; கேம் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேடு அது. மறுபடி திறந்தால் பழையது பிளேயர்-ப்ரெவ்.லாக் ஆகிவிடும். இன்னொரு முறை திறந்தால் அதுவும் போச்சு. கிராஷ் ஆன லாக் அழிந்து, நன்றாக ஓடிய லாக்கை இணைத்து அனுப்புகிறவர்கள் ஏராளம். முதலில் கோப்பை வேறு இடத்தில் காப்பி எடுங்கள், பிறகு ஆடுங்கள். அனுப்பும் முன் ஒரு முறை திறந்து பார்ப்பதும் நல்லது; ஃபோல்டர் பாதையில் உங்கள் விண்டோஸ் யூசர் பெயர் அப்படியே இருக்கும். மைன்கிராஃப்ட் கேமின் ஜாவா பதிப்பு என்றால் கிராஷ் ரிப்போர்ட்டுக்கென்றே தனி ஃபோல்டர் உண்டு. அந்தக் கோப்பின் தலையில் கடுப்பேற்றும் ஒரு ஜோக் வரி இருக்கும், அதைத் தாண்டிப் படியுங்கள்.

மாட் (கேமை மாற்ற வெளியாட்கள் செய்த கூடுதல் கோப்பு) போட்டிருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை பாருங்கள். இதைச் செய்யாமல் அனுப்பினால் மைன்கிராஃப்ட் பக் டிராக்கரில் (கோளாறுகளைப் பதியும் தளம்) கதவு அப்போதே சாத்தப்படும். அங்கே ஒவ்வொரு பக்குக்கும் ஒரு எண் உண்டு. ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடி, இருந்தால் அதற்கு ஓட்டுப் போடுவதுதான் முறை. புதிதாக நூறு பேர் நூறு டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டால், நூறையும் கோர்த்துக் கட்டும் வேலை தன்னார்வலர்கள் தலையில் விழும்.

தொழிற்சாலை கட்டி ஆடும் ஃபேக்டோரியோ போன்ற கேமில் சேவ் கோப்பு இல்லாத ரிப்போர்ட் பெரும்பாலும் அரைகுறைதான். கோளாறு நடந்த பின் எடுத்த சேவ் கோப்பைவிட, நடப்பதற்குச் சற்று முன் எடுத்த சேவ்தான் தங்கம். தொழிற்சாலை உடைந்து கிடப்பதைப் பார்த்து எப்படி உடைந்தது என்று சொல்ல முடியாது. உடைவதைப் பார்க்க வேண்டும்.

கருத்துச் சொல்வது வேறு, பக் சொல்வது வேறு. "இந்த பாஸின் (பெரிய வில்லனின்) ஹெல்த்தை 20 சதவீதம் குறையுங்கள்" என்பது தீர்வு. ஆனால் உண்மைப் பிரச்சினை, அவன் அடிக்கும் முன் காட்டும் அறிகுறி இருட்டில் தெரியாததாக இருக்கலாம். "எட்டு முறை செத்தேன், அதில் ஆறு முறை அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை" என்று எழுதினால் டிசைனர் சரியான இடத்தில் கை வைப்பார். மருத்துவரிடம் போய் மாத்திரைப் பெயர் சொல்லாமல் வலிக்கிற இடத்தைச் சொல்வது மாதிரி.

டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற சிறிய விண்வெளி கேமின் டெவலப்பர் 2021இல் கணக்கை வெளியிட்டார். வாங்கியவர்களில் 5.8 சதவீதம் பேர்தான் லினக்ஸ்காரர்கள். வந்த 1,040 பக் ரிப்போர்ட்டில் சுமார் 400 அவர்களுடையது. உடனே "லினக்ஸ்னாலே தொல்லை" என்று நினைப்போம். ஆனால் அந்த 400இல் லினக்ஸில் மட்டும் வருபவை வெறும் மூன்று. மற்றவை எல்லோருக்கும் இருந்த கோளாறுகள். விண்டோஸ்காரர்கள் சத்தமில்லாமல் சகித்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். லினக்ஸ்காரர்களுக்கு லாக்கோடு எழுதிப் பழக்கம், அவ்வளவுதான்.

பழியெல்லாம் பிளேயர்கள் மேல் போடவும் முடியாது. ரிப்போர்ட் பட்டனை ஐந்து மெனுவுக்குள் ஒளித்து வைத்து, அனுப்பினால் "கேஷ் கிளியர் பண்ணுங்க, ரீஇன்ஸ்டால் பண்ணுங்க" என்று தானியங்கி பாட் ஒன்றைப் பதில் சொல்ல வைக்கும் நிறுவனங்கள் அந்த ஒற்றை நட்சத்திரத்தைத் தாமே சம்பாதித்துக்கொள்கின்றன. பதிப்பு எண், சாதனம், மேப், நிற்கும் இடம் எல்லாம் கேமுக்கே தெரியும். பட்டனை அழுத்தியதும் அதுவே சேர்த்து அனுப்பலாமே?

ஒன்றை மட்டும் பொதுவில் எழுதக் கூடாது: பொருளை இரட்டிப்பாக்கும் வழி, காசு கொட்டும் ஓட்டை, அடுத்தவன் கணக்கில் நுழையும் வழி. வீடியோ போட்டால் வியூஸ் வரும், கூடவே அந்த சர்வரின் பொருளாதாரமும் ஒரே நாளில் சரியும். அதைத் தனிப்பட்ட டிக்கெட்டில் அனுப்புங்கள். சரி செய்ததாக பேட்ச் குறிப்பில் வந்தபின் பழைய படிகளையே இன்னொரு முறை செய்து பாருங்கள். இன்னும் வந்தால் அதே டிக்கெட்டில் புதுப் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள்.