ஆட்குறைப்பை விட பாக்கிப் பணத்தைப் பாருங்கள்
வீட்டுக் கணினி நிறுவனத்தில் ஆட்குறைப்பு என்ற பேச்சு அடிபட்டாலே அது மூழ்கப்போகிறது என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1985-86இல் வீட்டுக் கணினி செய்த கமடோர் நிறுவனம் பெரும் நட்டத்தில் ஆட்களைக் குறைத்தபோதும் கதை முடிந்தது என்றுதான் பேசினார்கள், ஆனால் அதன் தலைமை நிர்வாகி தாமஸ் ரட்டிகன் செலவைச் சுருக்கி லாபத்துக்குக் கொண்டுவந்தார், 1987இல் அமிகா 500 என்ற அதன் புதுக் கணினி வந்தது. அதே ஆண்டு அவரையே வெளியேற்றினார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். கமடோர் 1994 ஏப்ரலில்தான் விழுந்தது. நான் மலேசியாவில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் கணினிக்கு மின்வடம் செய்யும் சிறிய ஆலையில் கணக்குப் பிரிவில் இருந்தவன். எங்களிடம் வாங்கிய ஒரு நிறுவனம் ஒருவரைக்கூட வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் 60 நாளில் வரவேண்டிய பணம் 90 ஆனது, 120 ஆனது, போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் பேசுவார். கடைசியில் அவர்கள் மூடியபோது, அவர்கள் சின்னம் அச்சடித்த வடங்கள் பெட்டி பெட்டியாக எங்கள் கிடங்கில் கிடந்தன, வேறு யாருக்கும் விற்கவும் வழியில்லை. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், ஊழியர்கள் வதந்தியைக் காதில் வாங்காமல் வேலையைப் பார்த்தால் போதும் என்கிறார். அதுவும் சரியில்லை ஐயா, முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் ஊழியர் சேமநிதியான இபிஎஃப் கட்ட வேண்டும், கட்டுகிறாரா என்று மாதாமாதம் கணக்கைத் திறந்து பாருங்கள், எங்கள் பக்கம் பலர் பார்க்காமல் விட்டு ஏமாந்தார்கள்.