கார்டு மாறியது, கேம் மாறவில்லை

போன மாசம் அக்கா மகன் கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 மாட்டினான். மாட்டின கையோடு வேகத்தை அளக்கும் 3டிமார்க் டைம் ஸ்பை சோதனையை ஓட்டி, கிராஃபிக்ஸ் ஸ்கோர் இரண்டு மடங்கு ஏறிய படத்தையும் அனுப்பினான். இரண்டு நாள் கழித்து போன்: "மாமா, கவுண்டர் ஸ்டிரைக் 2 அப்படியேதான் இருக்கு."

ரங்கூன் முகல் தெருவில் அவன் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். திரை மூலையில் ஓடும் எண்களில் கார்டு 50 சதவீதம்கூட வேலை செய்யவில்லை. ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்கச் சொன்னேன். படம் கலங்கியது, நொடிக்கு வரும் ஃபிரேம் மட்டும் 90ஐத் தாண்டவில்லை. கார்டுதான் தடை என்றால், வேலை குறைந்ததும் ஃபிரேம் ஏறியிருக்கணும். அப்போதே தெரிந்துவிட்டது, இடிப்பது பிராசஸர். 2015இல் வந்த ஐ5 6400, நாலே கோர். அடுத்த ஃபிரேமில் என்ன வரையணும் என்று அது சொல்லி முடிக்கும்வரை புதுக் கார்டு கைகட்டி நிற்கிறது.

டைம் ஸ்பை பொய் சொல்லவில்லை. அதன் கிராஃபிக்ஸ் டெஸ்ட் கார்டை மட்டும் பிழிந்தெடுக்க எழுதியது. பிராசஸருக்குத் தனி ஸ்கோர் உண்டு, அதை இவன் பார்க்கவே இல்லை. ரிவ்யூ செய்கிறவர்களும் கிடைப்பதிலேயே வேகமான பிராசஸரில்தான் கார்டை ஓட்டிக் காட்டுவார்கள். கார்டை அளக்க அது சரி. அந்த எண் நம் வீட்டுப் பழைய டப்பாவில் எப்படி வரும்? (ஸ்கோரை ஏற்றுவதற்கென்றே கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதிய கதையும் உண்டு. 2003இல் அந்தத் தந்திரத்தைத் தடுக்க 3டிமார்க்03க்கு ஒரு பேட்ச் வந்ததும் என்விடியாவின் 5900 அல்ட்ரா கார்டின் ஸ்கோர் 24 சதவீதம் சரிந்தது.)

ஆவரேஜ் எண்ணையும் நான் நம்புவதில்லை. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிசெகண்ட். நடுவில் ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிசெகண்ட் இழுத்தால் ஆவரேஜ் அசையாது, ஆனால் எதிராளி திரும்பிய அந்த நொடியில் நீங்கள் செத்திருப்பீர்கள். 1% லோ, அதாவது மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம், என்ன என்று முதலில் பாருங்கள்.

ரங்கூன்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. 1060 குடிப்பது 120 வாட், 3060 குடிப்பது 170. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்த 50 வாட் எந்த வேகச் சோதனை ஸ்கோரிலும் இல்லை, பேட்டரியில் இருக்கிறது.

காசு முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். சைபர்பங்க் 2077 கேமில் கார்டுக்கு வேலை கூடும்படி செட்டிங்கை ஏற்றி வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அவன் ராத்திரி ராத்திரி ஆடுவது கவுண்டர் ஸ்டிரைக். வாங்குவதற்கு முன்னால் அந்த 720 சோதனையைச் செய்திருந்தால் ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

இப்போது அதே மதர்போர்டில் உட்காரும் பழைய ஐ7 6700 பிராசஸர் தேடுகிறோம். யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், 1060ஐ மாற்றாகக் கொடுக்கத் தயார்.