அடுத்த தெருவையும் சேர்த்து ஒரு ஸ்தோத்திரம்

லூக்கா சுவிசேஷம் 18-ஆம் அதிகாரத்தில், இயேசு சொன்ன உவமையில், ஆலயத்துக்குப் போன பரிசேயன் (மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) ஆண்டவரிடம் எதையும் கேட்கவில்லை. வீடு கேட்கவில்லை, பிள்ளைக்கு வேலை கேட்கவில்லை, வியாதி தீர வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவன் ஏறெடுத்தது முழுக்க முழுக்க ஸ்தோத்திர ஜெபம், அதாவது நன்றி சொல்லும் ஜெபம். “தேவனே! நான் பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் ஆகிய மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால், உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்.” ஆயக்காரன் என்றால் வரி வசூலிப்பவன். பெருமை கூடாது என்பதற்காக இந்த வசனத்தை எடுத்துப் பேசிய பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். நன்றி சொல்வதைப் பற்றிய எச்சரிக்கையாக யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை. பக்கத்தில் நிற்பவனைக் காட்டி, “அவனைப்போல என்னை வைக்கவில்லையே” என்று சொல்லும் நன்றியை ஆண்டவர் நன்றியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதன் நீதிமானாக வீடு திரும்பவில்லை என்று இயேசு தெளிவாகச் சொல்கிறார்.

இதை ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், நம் ஊர்ச் சபைகளில் காதில் விழும் ஸ்தோத்திரங்களில் பாதி இந்த வார்ப்பில்தான் இருக்கின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் ஊர்கள் தீவுகளாகின. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வருடக் கடைசி இரவு ஆராதனையில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததை மக்கள் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து நின்றார். “சுற்றி எல்லாத் தெருவிலும் தண்ணீர் ஏறியது. எங்கள் தெருவுக்குள் மட்டும் வரவில்லை. கர்த்தர் எங்களைச் சுற்றி வேலியடைத்துக் காத்தார்” என்றார். சபை முழுவதும் “அல்லேலூயா” சொன்னது.

எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். தையல் மிஷின் போயிற்று, அரிசிப் பானை மிதந்து போயிற்று. அவர் மடியில் இருந்த வேதாகமம் வெயிலில் காயவைத்து எடுத்தது. தாள்கள் அலையலையாக விறைத்துப்போய், அழுத்தி மூடினாலும் மூடாமல் விரிந்தே இருந்தது. ஓரத்தில் செம்மண் கோடு ஒன்று, தண்ணீர் நின்ற அளவுக்கு. எல்லோரோடும் சேர்ந்து அவரும் “அல்லேலூயா” சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. அடுத்த தெருவுக்கு வேலியடைத்த கர்த்தர் இவர் தெருவுக்கு ஏன் வேலியடைக்கவில்லை? இவருடைய ஜெபம் குறைந்துவிட்டதா? அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. ஆனால் சாட்சி சொன்னவரின் வார்த்தைகள் அந்தக் கேள்வியை அவர் மடியில் வைத்துவிட்டுப் போயின.

சாட்சி சொன்னவரை நான் குற்றம் சொல்லவில்லை. இரவு முழுவதும் குழந்தைகளை மாடியில் வைத்துக்கொண்டு, படியில் தண்ணீர் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் அவர். பிழைத்த பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். குறை நாம் அவருக்குப் பழக்கிக் கொடுத்த மொழியில் இருக்கிறது. சிறு வயதிலிருந்து குடும்ப ஜெபத்தில் என்ன கேட்டு வளர்ந்தோம்? “எங்களிலும் நல்லவர்கள், வல்லவர்கள் எத்தனையோ பேர் பூமிக்குள் போய்விட்டார்கள், எங்களை ஜீவனுள்ளோர் தேசத்திலே வைத்திருக்கிறீரே, ஸ்தோத்திரம்.” “எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எங்களுக்குச் சுகம் தந்தீரே, ஸ்தோத்திரம்.” இந்த ஜெபம் தாழ்மையிலிருந்து பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு எந்தத் தகுதியும் இல்லை, இது கிருபை என்று சொல்ல வந்த ஜெபம் அது. ஆனால் அந்த வருடம் புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காதில் அது எப்படி விழும் என்று நாம் யோசித்ததே இல்லை. பூமிக்குள் போனவர் அவருடைய வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் கிடப்பது இன்னொருவரின் தாய். நம் ஸ்தோத்திரத்துக்கு அவர்களுடைய துக்கத்தை எடைக்கல்லாக வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

அதே வெள்ளத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரயிலை மேலே போக விடாமல் நிறுத்திவைத்தவர் நிலைய மேலாளர் ஜாபர் அலி. வெளியே வரவும் வழியில்லாமல், உள்ளே போகவும் வழியில்லாமல் தவித்த பயணிகளுக்குப் பக்கத்து ஊர் மக்கள், தாங்களும் வெள்ளத்தில் சிக்கியிருந்த நிலையில், தங்கள் வீட்டு அரிசி பருப்பைக் கொண்டுவந்து ஊர்க் கோவிலில் வைத்துப் பொங்கிப் போட்டார்கள். அந்த ரயிலில் நம் சபை மக்களும் இருந்திருப்பார்கள். “கர்த்தர் காப்பாற்றினார்” என்றுதான் அவர்கள் சாட்சி சொல்வார்கள், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் கர்த்தர் காப்பாற்றியது ஒரு இஸ்லாமிய அதிகாரியின் எச்சரிக்கையாலும், அம்மனைக் கும்பிடுகிற மக்களின் அடுப்பாலும் அல்லவா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து மட்டும் கைகூப்பினால், ஆண்டவர் அனுப்பிய ஆட்களை வாசலிலேயே நிற்கவைத்த மாதிரி. பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் சமாரியன் என்று லூக்கா குறித்து வைத்திருக்கிறார். நன்றி சொல்லத் தெரிந்தவர்களும் நன்றிக்குரியவர்களும் நம் மதிலுக்குள் மட்டும் இல்லை.

சரி, ஒப்பிடாமல் எப்படி நன்றி சொல்வது? இதற்கு வேதாகமமே வழி காட்டுகிறது. உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில் ஒரு விவசாயி முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு ஆசாரியனிடம் போகிறான். அங்கே அவன் சொல்ல வேண்டிய வார்த்தைகளை நியாயப்பிரமாணமே எழுதிக் கொடுத்திருக்கிறது. பக்கத்து வயல் கருகியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தன் தகப்பன் நாடோடியாக இருந்ததையும், எகிப்தில் அடிமையாகக் கிடந்ததையும், கூப்பிட்டபோது கர்த்தர் கேட்டதையும்தான் அவன் சொல்கிறான். அவனுக்கு ஒப்பீடு அவனுடைய சொந்தப் பழங்கதையோடுதான். அதோடு அந்தச் சடங்கு முடிவதில்லை. அவனோடு ஆலயப் பணி செய்யும் லேவியனும், அவன் நடுவில் இருக்கிற அந்நியனான பரதேசியும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்கிறது அடுத்த கட்டளை. சொந்த நிலம் இல்லாதவர்கள் அவர்கள் இருவரும். விளைச்சலே இல்லாதவனும் கூட உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அந்த நன்றி செல்லும்.

நம் திருநெல்வேலிப் பக்கத்து அசனம், அதாவது சபையின் பொதுப் பந்தி, இதைத்தான் செய்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒருவர் ஆடு கொடுப்பார், ஒருவர் அரிசி மூட்டை கொடுப்பார், ஒருவர் விறகு கொடுப்பார், ஒன்றும் கொடுக்க முடியாதவர் விடிய விடிய வெங்காயம் உரித்துக் கொடுப்பார். பந்தியில் உட்காரும்போது எந்த ஆடு யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. வேறு மதத்துக்காரர்களும் வந்து உட்காருவார்கள், தூக்குவாளியில் வீட்டுக்கும் வாங்கிப் போவார்கள். வருடம் முழுவதும் நாம் ஏறெடுக்கும் ஸ்தோத்திர ஜெபங்களில் இதற்கு ஈடான ஒன்றை நான் கண்டதில்லை. சில இடங்களில் இப்போது முக்கியமானவர்களுக்குத் தனி மேசை போடத் தொடங்கியிருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். தனி மேசை வந்துவிட்டால் அது வெறும் கல்யாணச் சாப்பாடு.

அசனம் வருடத்துக்கு ஒருமுறை. அன்றாடத்துக்கு நம் வீட்டுப் பெண்கள் வைத்திருந்த வழி பிடி அரிசி. என் ஆச்சி உலையில் அரிசி போடுவதற்கு முன் களைந்த அரிசியிலிருந்து எடுக்க மாட்டார். அளந்து வைத்த உலர்ந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பு மேடை மூலையில் இருக்கும் மண் கலயத்தில் போடுவார். போடும்போது “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று உதடு மட்டும் அசையும். வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளில் பிடி சிறுக்கும், நிற்காது. மாதக் கடைசியில் கலயம் கோவிலுக்குப் போகும். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த உள்ளூர்க் காசை நம்பித்தான் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் வரைக்கும் ஆட்களை அனுப்பியது. மிசோரம் மாநிலத்தில் பிரஸ்பிடேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதே பழக்கத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் விட்டுவிடவில்லை, அந்தப் பிடி அரிசி வருடத்துக்குப் பல கோடி ரூபாயாகச் சேர்கிறது.

சாப்பாட்டு ஜெபத்தில், “இல்லாதவர்களுக்கும் கொடுத்தருளும் ஆண்டவரே” என்று நம் பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்கிறார்கள். ஆச்சி அந்த வரியைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு முன்பே கலயத்தில் போட்டிருப்பார். இப்போது கூப்பன் போட்டு ஆன்லைனில் அரிசி வாங்குகிற வீடுகளில் இந்தப் பழக்கம் நின்றே போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூலையில் ஒரு டப்பா வைக்க என்ன கஷ்டம்?

துக்க வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்ற தெசலோனிக்கேயர் வசனத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், “அழாதீர்கள், ஸ்தோத்திரம் சொல்லுங்கள்” என்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் நாளே சாட்சி கேட்கிறார்கள். இது விசுவாசம் என்று நினைத்துச் செய்கிற கொடுமை. லாசருவின் கல்லறைக்கு இயேசு போனபோது முதலில் கண்ணீர் விட்டார். அதன் பிறகுதான், கல்லைப் புரட்டச் சொல்லிவிட்டு, “பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்” என்றார். ஒரே அதிகாரம், ஒரே கல்லறை. அழுகையை அவரே தாண்டிப் போகவில்லை என்றால், அந்தத் தாய்க்கு மட்டும் ஏன் அவசரம்? சங்கீதப் புத்தகத்தில் 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் புலம்பல்தான். அதையும் ஆலயத்தில் பாடத்தான் தந்திருக்கிறார்கள். ஒரு வருடம் அவர்களால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை என்றால், அவர்களுக்காக மற்றவர்கள் சொல்லிக்கொள்ளலாம். சபை என்று ஒன்று வைத்திருப்பது அதற்கும்தான்.

எங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். நன்றி சொல்பவர் அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், அதில் வேறொரு மனிதர் இருக்க வேண்டும், அடுத்தவருடைய இல்லாமையைப் பற்றிய வார்த்தை வரக் கூடாது. பிள்ளைகளுக்கு முதலில் கடினமாகத்தான் இருந்தது. “சுகம், பெலன், ஜீவன்” என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு ஆமென் போடத்தான் பழகியிருந்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஓடி வருவதைப் பார்த்து விசில் அடிக்காமல் காத்திருந்த பஸ் கண்டக்டர். பரீட்சை அன்று பேனா கொடுத்த பையன். வெள்ளத்துக்குப் பிறகு வேறு மாவட்டத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் கம்பம் ஏறிய மின் வாரிய ஊழியர். கால்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு, நாங்கள் கொடுத்த டீயைக் கம்பத்தில் சாய்ந்தபடியே குடித்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, ஆனாலும் அந்த வாரம் முழுவதும் எங்கள் ஜெபத்தில் அவர் இருந்தார். தெரிந்த ஆளாக இருந்தால் மறுநாள் நேரில் போய் நன்றி சொல்லிவிட வேண்டும் என்பதும் ஒழுங்கில் சேர்த்தி. கண்டக்டரிடம் என் மகள் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாராம். அடுத்த நாளிலிருந்து அவளைப் பார்த்தால் தலையசைக்கிறாராம்.

136-ஆம் சங்கீதத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். வானம், பூமி, சூரியன், செங்கடல் என்று நன்றி நீண்டுகொண்டே போய், கடைசிக்கு முந்தின வரியில், “மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரங்கொடுக்கிறவரைத் துதியுங்கள்” என்று வந்து சேர்கிறது. இஸ்ரவேலுக்கு மட்டும் என்று அந்த வரி சொல்லவில்லை. உயிருள்ள எல்லாவற்றுக்கும். மழையை நல்லவர்கள்மேலும் தீயவர்கள்மேலும் பெய்யப்பண்ணுகிறவர் என்று இயேசு சொன்ன பிதா இவர்தான். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. புது வீட்டுக்கும், விசாவுக்கும், பையனின் பொறியியல் சீட்டுக்கும் ஸ்தோத்திர காணிக்கை உறை நிரம்புகிறது. ஐப்பசியில் அளவாகப் பெய்த மழைக்கு, குழாயில் வந்த தண்ணீருக்கு, ஊரில் கலவரம் இல்லாமல் போன ஒரு வருடத்துக்கு யாராவது உறை போட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் சபைக் கமிட்டிக்கு இதை ஒட்டி ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருட ஸ்தோத்திரப் பண்டிகையில், வாழைத்தாரும் கோழியும் ஏலம் போடத் தொடங்குவதற்கு முன், நம் வார்டின் தூய்மைப் பணியாளர்களையும், வெள்ளத்தின்போது படகு கொண்டுவந்த மீனவர்களையும் மதம் பார்க்காமல் அழைத்து, பெயர் சொல்லி நன்றி கூறி, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சாட்சி நேரத்தில் “எங்களுக்கு மட்டும்” என்ற வார்த்தை வேண்டாம் என்று சபைப் போதகரான ஐயரவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது என்றும் எழுதியிருக்கிறேன். கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. உங்கள் சபைகளில் இப்படி ஏதாவது ஏற்கெனவே நடக்கிறது என்றால் எழுதுங்கள், அதையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.