சுருதியை முதலே சொல்லுங்கள்

பாடகர்களே, புது நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்கும்போது நினைத்த நேரம் சுருதியை மாற்றுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் கூடுகிறோம். பாட்டு, வயலின், மிருதங்கம், கிற்றார், கீபோர்ட். மிருதங்கம் வாசிப்பது நான். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். போன கிழமை முழுக்க 1 கட்டையில் பழகிய பாட்டு. பாடகர் வந்து இருந்த கையோடு கேட்கிறார்: "அண்ணை, 2 கட்டைக்கு ஏத்துவமே?"

கீபோர்ட்காரருக்கு ஒரு பொத்தானை அமத்தினால் சரி. கிற்றார்காரர் தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கபோ என்ற கவ்வியை மாட்டிவிடுவார். மிருதங்கமோ தோலாலும் தோல்வாராலும் ஆனது. தோலின் விளிம்பில் உள்ள பின்னலைச் சுற்றிக் கல்லால் தட்டி, ஒவ்வோர் இடமாக விரலால் ஒத்துப் பார்த்து, எல்லாம் ஒரே நாதமாகச் சேரும்வரை திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். அதற்குள் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், அப்பிய ரவை காய்ந்துவிடும், அதையும் திரும்ப நனைக்க வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் தோல் கிழியும். அதனால்தான் கீழ்ச்சுருதிக்கு நீளமான மிருதங்கம், மேல்சுருதிக்கு நீளம் குறைந்தது என்று வேறு வேறாக வைத்திருக்கிறோம். இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்குப் பேர்போன ஊர்கள். இந்த மண்ணில் இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு மனவருத்தம்.

நான் தட்டிச் சேர்த்து முடிய, "இல்லை அண்ணை, பழையதே நல்லம்" என்கிறார். அரை மணித்தியாலம் போய்விட்டது, பாட்டு ஒரு வரி நகரவில்லை.

தொண்டைக்கு எது வசதி என்று வீட்டில் பாடிப் பாருங்கள். முதல் நாளே போனில் சொன்னால், அதற்கேற்ற மிருதங்கத்தோடு வந்து நிற்பேன்.