குடம் பெரிசு, கள்ளு எவ்வளவு?

கேரளாவில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் டிவி மாட்டிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் சிடி கடை, அதற்கும் முன்னால் கேசட் லைப்ரரி. ஆக முப்பது வருடமாக இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் படம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பிழைப்பு. அந்த உரிமையில் ஒரு புலம்பல். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வண்ணாமடைப் பக்கம் ஒரு வீட்டில் 55 இஞ்ச் 4கே டிவி மாட்டினேன். வீட்டுக்கார அண்ணன் ரிமோட்டைக் கையில் வாங்கியதும் கேபிளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய படத்தைப் போட்டார். அஞ்சு நிமிஷம் பார்த்தார். "ஏந்தம்பி, பழைய டிவியே தேவலையாட்ட இருக்குதே?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. 4கே திரையில் 3840-க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். சாதாரண கேபிள் சேனலில் வருவது 720-க்கு 576, சுமார் 4 லட்சம். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு பக்கத்தில் பத்தொன்பது புள்ளிகளை டிவி தானாக யூகித்து நிரப்புகிறது. யூகம் யூகம்தானே? பழைய 24 இஞ்ச் டிவியில் அந்தக் குறை கண்ணில் படாது. பெரிய திரையில் மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல் முகம் கரைந்து நிற்கும்.

சிடி கடை வைத்திருந்த காலத்தில் விசிடியில் இருந்தது வெறும் 352-க்கு 288. ஒரு லட்சம் புள்ளிதான். இரண்டாவது டிஸ்க் மாற்றும் நேரம்தான் வீட்டில் இடைவேளை. கடைக்கு வருகிறவர்கள் அப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள், "பிரிண்ட் நல்லா இருக்குமா?" தமிழ்ப் படம் கேட்டவரும் அதையேதான் கேட்டார், மலையாளப் படம் கேட்டவரும் அதையேதான். இப்போது "4கேதானே?" என்று மட்டும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பழைய கேள்விதான் சரியான கேள்வி.

எங்கள் சித்தூர்த் தாலுகாக்காரனுக்கு இதைக் கள்ளு வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கேரளா முழுக்கக் கள்ளு அனுப்புகிற ஊர் நம்முடையது. 4கே என்பது குடத்தின் அளவு. உள்ளே இருப்பது கள்ளா, பாதிக்குப் பாதி தண்ணீரா என்று குடம் சொல்லாது. படத்தில் அதைச் சொல்வது பிட்ரேட், ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்ற கணக்கு. 2016-ல் வந்த 4கே புளூரே டிஸ்க்கில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம், டிஸ்க்கில் 100 ஜிபி வரை இடம் உண்டு. ஓடிடியில் அதே 4கே என்ற பெயரில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் 15, 20 மெகாபிட். குடத்தின் மேல் ஒட்டிய சீட்டு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்த 15-ஐயும் லேசாக நினைக்க வேண்டாம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 17 ஜிபி ஆகும். ஒரு நாளைக்கு 2 ஜிபி தருகிற போன் பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தால் பதினெட்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகும். ஹீரோ அறிமுகப் பாட்டே முடிந்திருக்காது. ஆடி மாதம் கணவாய்க் காற்றில் தெருமுனைக் கம்பத்திலிருந்து ஃபைபர் வயர் அறுந்து தொங்கும் நாட்களில் அந்த 15-ம் கிடையாது.

போன ஓணத்துக்கு ஷார்ஜாவிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு 4கே பிளேயரும் இரண்டு இங்கிலீஷ் பட டிஸ்க்கும் கொண்டுவந்தான். கோயம்புத்தூரில் மூன்று கடை ஏறி இறங்கியும் எனக்குக் கிடைக்காத சாமான். மாட்டிப் போட்டால் படம் வெளிறிப்போய், சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. "மாமா, இதுக்கா நான் எக்ஸ்ட்ரா லக்கேஜ் கட்டுனேன்?" என்று சிரிக்கிறான். ஊருக்கெல்லாம் டிவி மாட்டுகிறவன் வீட்டில் இந்தக் கதி. முக்கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு டிவி செட்டிங்ஸில் எங்கோ ஒரு மூலையில் அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மட்டும் முழு சிக்னலை வாங்கிக்கொள்ளச் சொல்லும் ஒரு சுவிட்ச் இருந்தது. கம்பெனிக்காரன் அதை அணைத்தே அனுப்பியிருக்கிறான். அதைப் போட்டதும் படத்துக்கு உயிர் வந்தது.

அதே படம் ஓடிடியிலும் இருந்தது. ஒரே காட்சியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். இருட்டுக்குள் ஒருவர் கையில் விளக்கோடு நடந்து வருவார். ஓடிடியில் விளக்கைச் சுற்றி வெளிச்சம் வளையம் வளையமாக, கோலத்துக்குப் போட்ட கோடு மாதிரி நின்றது. இருண்ட சுவர் கட்டம் கட்டமாக நெளிந்தது. டிஸ்க்கில் வெளிச்சம் மெல்லக் குறைந்து குறைந்து இருட்டில் கரைந்தது, சுவரில் காரை பெயர்ந்த இடம்கூடத் தெரிந்தது. இரண்டிலும் புள்ளி எண்ணிக்கை ஒன்றேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 55 இஞ்ச் டிவியில் ஃபுல் ஹெச்டிக்கும் 4கேக்கும் உள்ள புள்ளி வித்தியாசம் நல்ல கண்ணுக்கே ஏழடிக்குள் உட்கார்ந்தால்தான் தெரியும். நம் வீடுகளில் சோபா பத்தடி தள்ளிக் கிடக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது கண்ணுக்கு உறைப்பது நிறமும், ஹெச்டிஆர் தருகிற வெளிச்ச இருட்டு வித்தியாசமும், சுருக்கிப் பிழியாத படமும்தான். டிவி வாங்கினவுடனே, ஃபிரேம்களுக்கு நடுவில் டிவியே யூகித்துப் புது ஃபிரேம் செருகுகிற அந்த மோஷன் ஸ்மூத்திங் கண்றாவியை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த சினிமாவை மத்தியான சீரியல் ஆக்குவது அதுதான்.

சரி, நம் படங்களுக்கு வருகிறேன். என் ஆற்றாமையே அங்கேதான்.

ஃபிலிமில் எடுத்த பழைய படத்தின் நெகட்டிவ் நல்லபடியாக இருந்தால் அதை ஸ்கேன் செய்து நிஜமான 4கே எடுக்கலாம். ஆனால் டிஜிட்டல் வந்த முதல் சில வருடங்களில் எடுத்த படங்களில் நிறைய 2கேயில்தான் முடிக்கப்பட்டன, அகலத்தில் 2048 புள்ளி. அவற்றை 4கே என்று விற்றால் அது இழுத்து நீட்டியது. அதனால் 1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழு' 4கேக்கு வஞ்சனையில்லாமல் தகுதியானது, அதற்கு இருபது வருடம் பிந்தி வந்த பல படங்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. வேடிக்கைதான்.

2024 ஏப்ரலில் 'கில்லி' 4கேயில் மறுபடி வந்தபோது பொள்ளாச்சிக்குப் போய்ப் பார்த்தேன். ஆகஸ்டில் 'மணிச்சித்திரத்தாழு' வந்தது, பாலக்காட்டுக்குப் போனேன். மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'தம்பு' (1978) பழுது பார்க்கப்பட்டு 2022-ல் கான் திருவிழாவில் திரையிடப்பட்டது. ஒவ்வொரு ஃபிரேமாக அழுக்கு துடைத்து, கீறல் நீக்கி, நிறம் சரிசெய்து இவ்வளவு பாடுபடுகிறார்கள். தியேட்டரில் ஓடி முடிந்ததும் அந்த நல்ல பிரிண்ட் வீட்டுக்கு எப்படி வரும்? கடையில் டிஸ்க் கேட்டால் என்னை வேற்று கிரகத்து ஆளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஓடிடியில் தேடினால், இருந்தால் உண்டு. இருப்பதும் பழைய பிரிண்டா புதியதா என்று எங்கும் எழுதியிருக்காது. அடுத்த வருடம் உரிமை முடிந்து காணாமலும் போகும்.

டிஸ்க் செத்துப்போன சாமான் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். 2016-ல் 4கே பிளேயர் விற்கத் தொடங்கிய சாம்சங்கே 2019-ல் புது மாடல் வேண்டாமென்று விலகிவிட்டது. நான் டிஸ்க்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. காசு கொடுக்கிறேன், முழு பிட்ரேட் ஃபைலாகக் கொடுங்கள், என் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்கிறேன். அதுவும் முடியாதென்றால் மூலம் எது, ஸ்கேன் எத்தனை கே, பிட்ரேட் எவ்வளவு என்று படத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். பால் பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போடவில்லையா? ஒரு விஷயத்தில் மட்டும் டிஸ்க்கை மெச்ச வேண்டும். 4கே புளூரேயில் டிவிடி மாதிரி ரீஜன் பூட்டு கிடையாது. ஷார்ஜாவில் வாங்கியது கொழிஞ்சாம்பாறையில் ஓடும். ஓடிடியிலோ எல்லையைத் தாண்டினால் படமே மாறும், வாளையார் செக்போஸ்ட்டை விட மோசம்.

துடைக்கிறேன் என்று தேய்த்து எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபிலிமின் இயல்பான பொடிமணியையும் (கிரெயின் என்பார்கள்) சேர்த்து நீக்கினால் நடிகர்கள் மெழுகு பொம்மை ஆகிவிடுவார்கள். 2024-ல் ஜேம்ஸ் கேமரூனின் 'ட்ரூ லைஸ்' 4கே டிஸ்க்காக வந்தபோது இதைச் சொல்லித்தான் ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். அவ்வளவு பெரிய இயக்குநருக்கே அந்த நிலைமை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே அவர் மகளின் கல்யாணக் கேசட், 1994. "இதை அந்த 4கேயா மாத்திக் குடு கண்ணு, பேத்திக்குக் காட்டணும்." அதெல்லாம் ஆகாது பெரியம்மா, இருக்கிறதை இருக்கிறபடி கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன், அதுவே தெளிவாக இருக்கும் என்றேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கேசட் ஓட்டுகிற என் பழைய டெக்கில் பெல்ட் போயிருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் யாரிடமாவது அந்த பெல்ட் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.