90 நிமிடத்தில் 66 நிமிடம் வழியிலேயே போனது

நேற்று ராத்திரி கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுக் கணக்கெடுத்தேன். கோபத்தில் கூட்டிச் சொல்கிறான் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது, அதனால் நிமிடம் நிமிடமாகக் குறித்து வைத்தேன். 9.30க்கு ஆன்லைன் கேம் விளையாட உட்கார்ந்தேன். 11 மணிக்குப் படுத்தே ஆக வேண்டும், காலையில் 7 மணி ஷிப்ட். உள்ளே நுழையவே 14 நிமிடம் கியூ. அப்புறம் ஊர்த் தலைவர் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அக்கரையில் இருக்கும் கொல்லனிடம் சேர்க்கச் சொன்னார். துறைமுகத்துக்குக் குதிரையில் 8 நிமிடம், கப்பல் வர 6, கப்பலுக்குள் 7, இறங்கிக் கிராமத்துக்கு இன்னொரு 6. கொல்லன் கடிதத்தைப் பார்த்துவிட்டு இதில் முத்திரை இல்லையே, போய் வாங்கி வா என்கிறான். திரும்ப அதே குதிரை, அதே கப்பல், 25 நிமிடம். மொத்தம் 66. மிச்ச நேரத்தில் பாதி பையைக் காலி செய்யப் போனது. இத்தனைக்கும் நடுவில் நான் வாளை உருவியது 2 ஓநாய்களுக்காக, அதுவும் அவை குதிரையை மறித்ததால்.

நான் பட்டர்வொர்த்தில் இருந்து பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸுக்குத் தினமும் மோட்டாரில் போய் வருகிறவன். 13.5 கிலோமீட்டர் பாலம், இரண்டு பக்கமும் கடல், மழை பிடித்தால் ஒதுங்க இடம் இல்லை, ஷிப்ட் விடும் நேரத்தில் லாரிகளுக்கும் தொழிற்சாலை பஸ்களுக்கும் நடுவில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டுதான் வர வேண்டும். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, என்னுடையது என்று எனக்கு மிஞ்சுவது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதிலும் என்னை இன்னொரு பாலத்தில் ஏற்றிவிட்டால் நான் எங்கே போவேன்?

உடனே ஒரு கூட்டம் வரும், தூரம் இருந்தால்தான் உலகம் பெரிதாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு. அது எனக்கும் தெரியும். இன்னும் சொல்லப் போனால் உங்களை விட அதிகமாகவே தெரியும், ஏனென்றால் மேப்பிள்ஸ்டோரி என்ற ஆன்லைன் கேம் 2005இல் மலேசியா, சிங்கப்பூருக்கென்று தனி சர்வரோடு வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். அதில் எலினியா என்ற ஊரிலிருந்து ஓர்பிஸ் என்ற ஊருக்கு வானத்தில் பறக்கும் கப்பல். நேரத்துக்குத்தான் கிளம்பும், தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், ஏறிய பிறகு பயணமே 10 நிமிடம். சைபர் கஃபேயில் மணிக்கு 2 ரிங்கிட் கொடுத்து உட்கார்ந்திருக்கும் பையனுக்கு 10 நிமிடம் என்றால் காசு. ஆனாலும் ஒரு நாள்கூட நான் அந்தக் கப்பலைத் திட்டியதில்லை. நடுவானத்தில் பால்ராக் என்ற பூதம் வந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. வந்துவிட்டால் சின்ன லெவல் ஆட்கள் கீழே அறைக்குள் ஓடுவோம், பெரியவர்கள் மேல் தளத்தில் நின்று அடிப்பார்கள். அந்த அறைக்குள் முன்பின் தெரியாதவர்களோடு பேசிய பேச்சுதான் எனக்கு அந்த கேம். அன்றைக்கு அங்கே பழக்கமான ஒருவர் இன்றும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறார்.

அதற்கும் முன்னால் 1999இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற கேமில் கப்பலுக்குக் காத்திருப்பது இன்னும் கொடுமை. ஆனால் அதில் ட்ரூயிட், விசார்ட் என்று சில வகை ஆட்களுக்கு மட்டும் மற்றவர்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மந்திரத்தில் அனுப்பும் சக்தி இருந்தது. அவர்களைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, கையில் கொஞ்சம் பணம் வைத்துப் போவார்கள். ரக்னராக் என்ற கேமிலும் அப்படித்தான். பிரீஸ்ட் வகை ஆட்டக்காரர் ஒருவர் நீலக்கல் ஒன்றைச் செலவழித்து வாசல் திறந்துவிடுவார், நாம் ஓடிப்போய் அதில் குதிப்போம், நன்றி சொல்லக்கூட நேரம் இருக்காது, அதற்குள் வேறு ஊரில் நிற்போம். தூரம் இருந்ததால் அங்கே ஒருத்தருக்கு வேலை இருந்தது. தூரத்தைக் குறைத்துவிடும் கை இன்னொரு மனிதனின் கையாக இருந்தது.

இப்போது அந்தக் கை கம்பெனியின் கடையில் இருக்கிறது. என் வயிறு எரிவது இதற்குத்தான். நான் விளையாடும் கேமில் அக்கரைக் கப்பல் முன்பெல்லாம் 3 நிமிடத்துக்கு ஒரு தடவை வரும். கடையில், வேண்டிய ஊருக்கு உடனே கொண்டுபோய் விடும் டெலிபோர்ட் ஸ்குரோல் வந்தது, அடுத்த அப்டேட்டில் கப்பல் 10 நிமிடத்துக்கு ஒன்று என்றாகிவிட்டது. 10 ஸ்குரோல் 9 ரிங்கிட் 90 சென். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், 13 வயது, கேட்கிறான்: "மாமா, ஏன் இவ்ளோ நேரம் குதிரையிலயே போறீங்க? அந்த ஸ்குரோல வாங்குனா ஒரே செகண்ட்தானே?" அவனுக்கு அந்த மலையும் காடும் துறைமுகமும் காசு கொடுத்துத் தாண்டிப் போக வேண்டிய தொல்லையாக மட்டுமே தெரிகிறது. பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்படித்தான் பழக்கிவிட்டார்கள். யாரோ ஒரு ஓவியர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த காட்டை, அதைப் பார்க்காமல் போவதற்கு விலை வைத்து விற்கிறார்கள்.

மற்ற இடங்களிலும் இதே மாதிரி கதைகள் உண்டு. நியூ வேர்ல்ட் என்ற கேம் 2021இல் வந்தபோது சவாரிக்குக் குதிரையே கிடையாது. விரைவுப் பயணத்துக்கு அசோத் என்று ஒன்றைச் செலவழிக்க வேண்டியிருந்தது, பையில் பாரம் கூடக் கூட அந்தச் செலவும் கூடியது. சவாரி வந்தது 2023 அக்டோபரில், அதுவும் அப்போது காசு கொடுத்து வாங்க வேண்டிய தொகுப்போடு. கென்ஷின் என்ற கேமில் நடையில் தொல்லை இல்லை, வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தட்டினால் போய்விடலாம், ஆனால் பரிசுகளை எடுக்கத் தேவையான ரெசின் 8 நிமிடத்துக்கு ஒன்றுதான் ஊறும். அது வேறு வகைக் காத்திருப்பு.

சரி, கியூவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் வந்தால் கியூ நிற்கும், எனக்குப் புரிகிறது. 2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14 கேமுக்கு எண்ட்வாக்கர் என்ற புதுப் பகுதி வந்தபோது மணிக்கணக்கில் வரிசை. அவர்கள் என்ன செய்தார்கள்? கேம் விற்பதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள், ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு முதலில் 7 நாள், பிறகு 14 நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நான் நிற்கும் கியூவில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? மாதச் சந்தா கட்டினால் முன்னால் போகலாம் என்று ஒரு பட்டன்.

இதெல்லாம் கத்தி என்ன ஆகப் போகிறது என்கிறவர்களுக்கு: 2015இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் புது நிலத்தில் இனிப் பறக்க முடியாது என்று மே மாதம் சொன்னார்கள், ஆட்டக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள், ஜூன் மாதமே பறக்க ஒரு வழி திறந்துவிடுகிறோம் என்று மாற்றிச் சொன்னார்கள். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அதனால் கத்தத்தான் வேண்டும்.

எங்கள் கில்டில், அதாவது கேமில் சேர்ந்து ஆடும் குழுவில், தைப்பிங்கில் நர்ஸாக வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு நைட் ஷிப்ட் இல்லாத நாள் வாரத்தில் ஒன்றோ இரண்டோதான். போன வாரம் சேர்ந்து ஒரு குகைக்குப் போகலாம் என்று பேசி வைத்திருந்தோம். அவள் கிழக்குக் கரையில், நான் மேற்கில். நான் கப்பலுக்கு நிற்கிறேன், அவள் எனக்காகக் குகை வாசலில் நிற்கிறாள், அலுப்பில் தூங்கிவிடக் கூடாது என்று சாட்டில் இன்றைக்கு வார்டில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்து 3 நிமிடம் ஆகியிருக்கும். "அண்ணா, கண்ணு சொருகுது, இன்னொரு நாள் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். குகைக்குள் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

அன்றைக்கு அந்த ஸ்குரோலை வாங்கியிருந்தால் போயிருக்கலாம், தெரியும். 9 ரிங்கிட் 90 சென் எனக்குப் பெரிய காசு இல்லை, ஒரு வேளை நாசி கண்டார்தான். வாங்க மாட்டேன். பழையபடி 3 நிமிடத்துக்கு ஒரு கப்பல் விடுங்கள். இல்லையென்றால் அந்த மந்திரத்தைக் கடையிலிருந்து எடுத்து எங்களில் யாராவது ஒருத்தர் கையில் கொடுங்கள், நான் அவரைத் தேடிப் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.