நாளைய குற்றத்துக்கு இன்றே மரண தண்டனையா?

"அவன் அடிக்கும் முன் நாம் அடித்துவிட வேண்டும்." போர்ச் செய்தி வரும்போதெல்லாம் கிறிஸ்தவர்களே இப்படிப் பேசுவதைக் கேட்கிறேன். யுத்தங்கள் செய்த தாவீது ராஜாவையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஒரு விசுவாசியாக என்னால் இதை ஏற்கவே முடியவில்லை.

வேதத்தில் இந்த வாதத்தைப் பேசுகிறவர்கள் யார் என்று பாருங்கள். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் பார்வோன் பேசுகிறான்: இஸ்ரவேலர் பெருகிவிட்டார்கள், நாளை யுத்தம் வந்தால் பகைவரோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் அதுவரை ஒரு கலகமும் செய்யவில்லை. வந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான். அது அடிமை வேலையில் தொடங்கி, ஆண்குழந்தைகளை நதியில் எறிவதில் போய் நின்றது. அடுத்து யூதேயாவின் ராஜா ஏரோது. சிங்காசனத்துக்குப் போட்டியாக ஒரு குழந்தை வளர்ந்துவிடும் என்று பெத்லகேமின் பிள்ளைகளைக் கொன்றான்.

அப்புறம் யூதரின் பிரதான ஆசாரியன் காய்பா. யோவான் 11ஐ எடுத்துப் படியுங்கள். இயேசுவை இப்படியே விட்டால் ரோமர் வந்து நம் இடத்தையும் ஜனத்தையும் அழித்துவிடுவார்கள் என்று ஆலோசனைச் சங்கம் நடுங்குகிறது. ஜனங்களுக்காக ஒரே மனுஷன் சாவது நலம் என்கிறான் காய்பா. நம் ஆண்டவரைச் சிலுவைக்கு அனுப்பிய தீர்மானமே ஒரு முன்னெச்சரிக்கை நடவடிக்கைதான்! அப்படியும் கி.பி. 70இல் ரோமர் வந்தார்கள், ஆலயத்தை எரித்தார்கள். சிலுவையை வணங்குகிற நாம் காய்பாவின் கணக்கை எப்படி நம் கணக்காக்கிக்கொள்ள முடியும்?

தாவீதைச் சொல்கிறவர்கள் எங்கேதி குகையை மறந்துவிடுகிறார்கள். தன்னைக் கொல்லத் தேடி அலைகிற சவுல் ராஜா கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறான். கூட இருந்தவர்கள், இதுதான் கர்த்தர் தந்த நாள் என்கிறார்கள். தாவீது சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு அவனைப் போகவிட்டான்.

ஆயுதமே எடுக்கக் கூடாது என்கிற மென்னோனைட்டுகள், குவேக்கர்கள் போன்ற கிறிஸ்தவப் பிரிவினர் மட்டும் இதை எதிர்க்கவில்லை. நீதியான போர் உண்டு என்று எழுதிய இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸே, தாக்கப்படுகிறவன் ஏதாவது குற்றம் செய்தவனாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்காவில் போதித்த இறையியலாளர் வித்தோரியாவின் முன் ஒரு கேள்வி இருந்தது: எதிரியின் பிள்ளைகள் வளர்ந்து நம்மோடு போரிடுவார்களே, இப்போதே கொன்றுவிடலாமா? இன்னும் செய்யாத பாவத்துக்காக ஒருவரைக் கொல்வது சகிக்க முடியாதது என்றார் அவர். எல்லையில் படை திரண்டு தாக்கப் புறப்பட்டுவிட்டது என்றால் அது வேறு, அங்கே தற்காப்பு என்ற பேச்சுக்கு இடமுண்டு. என்றோ ஒருநாள் பலம் பெறுவான் என்பதற்காக இன்று குண்டு போடுவது தற்காப்பே இல்லை.

இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லி அமெரிக்கா தொடுத்த 2003 இராக் போர் நம் கண்முன் நடந்தது. தடுப்புப் போர் என்ற கருத்தே கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் இல்லை என்று 2002 செப்டம்பரிலேயே சொன்னார், பின்னாளில் போப் ஆன கர்தினால் ராட்சிங்கர். போப் இரண்டாம் ஜான் பால், போர் எப்போதும் மனிதகுலத்தின் தோல்வி என்று 2003 ஜனவரியில் சொன்னதோடு நிற்கவில்லை. பாக்தாத்துக்கு ஒரு கர்தினாலையும் வாஷிங்டனுக்கு ஒரு கர்தினாலையும் அனுப்பினார். அமெரிக்க அதிபர் புஷ் சார்ந்திருந்த ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் ஆயர்கள் பலரும் எதிர்த்தார்கள். மறுபக்கம், அமெரிக்க சுவிசேஷத் தலைவர்கள் ஐந்து பேர் இது நீதியான போர்தான் என்று அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் இன்றும் என்னை வேதனைப்படுத்துகிறது. ஆய்வை முடிக்கச் சில மாதங்கள் வேண்டும் என்று ஐ.நா. ஆய்வாளர் ஹான்ஸ் பிளிக்ஸ் மார்ச் 7 அன்று சொன்னார். இரண்டு வாரத்துக்குள் குண்டு விழுந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சொந்த ஆய்வுக்குழுவே பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது.

விலை கொடுத்தவர்களில் ஆதிகாலச் சபைகளின் பிள்ளைகளும் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேலிருந்த இராக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் இன்று அங்கே இல்லை. மோசுல் பேராயர் ரஹோ 2008இல் கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்தார். 2010இல் பாக்தாத் தேவாலயம் ஒன்றில் ஆராதனை நேரத்திலேயே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இஸ்லாமிய அண்டை வீட்டார் இறந்தது இதைவிடப் பல மடங்கு.

"அணுகுண்டு விஷயத்தில் காத்திருக்க முடியுமா?" இதுதான் எதிர்த்தரப்பின் கனமான கேள்வி, லேசாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. 1949இல் சோவியத் ஒன்றியம் குண்டைச் சோதித்தபோதும் இதையே கேட்டார்கள். அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஃபிரான்சிஸ் மேத்யூஸ், அவரும் பக்தியுள்ள கத்தோலிக்கர்தான், சமாதானத்துக்காக நாமே போரைத் தொடங்கலாம் என்று 1950இல் பாஸ்டனில் வெளிப்படையாகப் பேசினார். அதிபர் ட்ரூமனின் அரசு அதை ஏற்கவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் அந்தப் போர் இல்லாமலேயே கலைந்தது. 1950இல் இதை யாராலும் நிரூபித்திருக்க முடியாது. அன்று குண்டு போட்டிருந்தால், கோடிக்கணக்கானோரைக் கொன்றுவிட்டு, நல்லவேளை தப்பித்தோம் என்று நாம் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்தியிருப்போம். தவறு என்று காட்டச் சாட்சியே மிஞ்சியிருக்காது.

அதனால் போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு போருக்கு ஜெபிக்கச் சொன்னால், குண்டு விழப்போகும் நாட்டின் சபைகளையும் மசூதிகளையும் பள்ளிக்கூடங்களையும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவர்கள் நமக்கு இதுவரை என்ன செய்தார்கள் என்ற கேள்வியைச் சபை நடுவே சத்தமாகக் கேளுங்கள்.